பழைய ஏர் பிஸ்டல் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்

மகள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் (அடைத்த காற்றால் சுடும் கைத்துப்பாக்கி) சுடுகிறாள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதைப் பார்த்துவிட்டு ரேஞ்சுக்குப் போன பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. ஒரு வருடம் கிளப் பிஸ்டலில் ஓட்டினாள். சொந்தமாக ஒன்று வேண்டும் என்றதும் புதிய இறக்குமதி பிஸ்டலின் விலையை விசாரித்தேன், தலை சுற்றியது. சரி, பழசு பார்ப்போம் என்று வாட்ஸப் க்ரூப் ஒன்றில் தேடினேன். அங்கே ஆரம்பித்தது வினை.

விற்றவர் கோவைக்காரர். நல்ல பேச்சு. வீட்டு மொட்டை மாடியில் நாலு பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) சுட்டுக் காட்டினார். ட்ரிகர் வெண்ணெய் மாதிரி இருந்தது, எனக்கோ பரம திருப்தி. அந்த வெண்ணெய்தான் வில்லங்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்? காற்றை அழுத்தி அடைத்து வைக்கும் சிலிண்டரில் ஏதோ கிளப் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "கேஜ் பாருங்க சார், 200 பார் நிக்குது, ஒரு பிரச்சனையும் வராதுங்க" என்றார். பில் கேட்டேன். "இதுக்கு லைசென்ஸே வேண்டாம், பில் எதுக்குங்க?" என்றார். லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மைதான், 10 மீட்டர் பிஸ்டலிலிருந்து பெல்லட் வெளியேறும் ஆற்றலெல்லாம் 2016 ஆயுத விதிகள் சொல்லும் 20 ஜூல் வரம்புக்கு ரொம்பக் கீழே. ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்றால் பில்லும் வேண்டாம் என்று யார் சொன்னது? நானும் தலையாட்டிவிட்டு 85,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன்.

மறுநாள் ரேஞ்சில் கோச் முதல் வேலையாக அந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். அடியில் தயாரிப்பு முத்திரை: 2012. இந்தச் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் ஆயுள் பொதுவாக 10 வருடம். காலாவதியானதைப் போட்டியில் பயன்படுத்த முடியாது, அது இருக்கட்டும், 200 பார் அழுத்தத்தில் ஒரு பழைய உலோகக் குப்பியைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டிய கையில் கொடுப்பதா? அடுத்து ட்ரிகர். போட்டி விதிப்படி ஏர் பிஸ்டலின் ட்ரிகர் குறைந்தபட்சம் 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். குழல் மேலே பார்க்கும்படி பிடித்து, காற்று ஏற்றிய நிலையில், எடைக்கட்டியை ட்ரிகரில் மாட்டி மெதுவாகத் தூக்குவார்கள், சுடாமல் நிற்க வேண்டும். எங்களுடையது கட்டி மேசையை விட்டு எழும்புவதற்குள்ளேயே டப்பென்றது. ஸ்க்ரூவைத் திருகி எடையைக் கூட்டிப் பார்த்தார், கூடவில்லை. உள்ளே, ட்ரிகரை இழுக்கும் வரை சுடாமல் பிடித்து வைக்கும் சியர் என்கிற சின்னப் பாகத்தை யாரோ அரம் வைத்து ராவியிருக்கிறார்கள், கோடுகள் கண்ணுக்கே தெரிந்தன.

விற்றவருக்குப் போன் செய்தேன். கோபமே படவில்லை மனுஷன். "ஒரிஜினல் சியர் இருக்குங்க, உங்களுக்காக 9,000" என்றார். இதற்கும் பணம் கட்டினேன் பாருங்கள், என்னை என்ன சொல்வது! கூரியரில் வந்தது பிளாஸ்டிக் பையில் ஒரு துண்டு இரும்பு, பார்ட் நம்பர் இல்லை, கம்பெனி கவர் இல்லை. மாட்டியதும் 500 கிராம் தாங்கியது, நிம்மதியாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் மகள் பெல்லட் வைத்து லீவரை மூடினாள், விரல் ட்ரிகர் பக்கமே போகவில்லை, தானாகச் சுட்டது. குழல் டார்கெட் பக்கமே இருக்க வேண்டும் என்று முதல் நாளிலிருந்து கோச் திட்டித் திட்டிப் பழக்கியிருந்ததால் பெல்லட் தரையில் பட்டுப் போனது. அவள் பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. கழற்றிப் பார்த்தால் சியரின் முனை மழுங்கி உருண்டிருந்தது. லேத்தில் கடைந்த சாதா இரும்பு, கடினப்படுத்தவே இல்லை என்றார் கோச்.

வாங்கியே தீர வேண்டும் என்றால் உங்கள் கோச்சையும் 500 கிராம் கட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். சிலிண்டரில் ஸ்டிக்கர் இருந்தால் அங்கேயே உரித்துப் பாருங்கள், உரிக்க விடவில்லை என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். சீரியல் நம்பர் எழுதிய ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ட்ரிகர் பாகங்களைக் கம்பெனியின் டீலரிடம் மட்டும் வாங்குங்கள், இரண்டு மாதம் காத்திருக்க வேண்டி வந்தாலும் சரி.

பிஸ்டல் இப்போது பீரோவில் பூட்டிக் கிடக்கிறது, மகள் மறுபடி கிளப் பிஸ்டலில். விற்றவர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். நேற்று வேறொரு க்ரூப்பில் அதே சியர், அதே போட்டோ, பின்னால் அதே பூப்போட்ட மேசை விரிப்பு. விலை மட்டும் 11,000 ஆகியிருக்கிறது.