வெற்றிடப் பையை மூடுதல்: ஒட்டுநாடாவா, உறைப்பையா, சிலிக்கோன் விரிப்பா?

காபன் இழைத் துணியை அச்சில் அடுக்கி, பிசின் இறுகும்வரை மேலே ஒரு படலத்தால் மூடி, உள்ளிருக்கும் காற்றைப் பம்பியால் இழுத்துவிட்டால், வெளிக்காற்றே அடுக்கை அழுத்திப் பிடிக்கும். அந்த மூடுபடலமே வெற்றிடப் பை. இப்படி விமான உறுப்புகளைச் செய்யும் வேலையில் பம்பியின் வலுவைப் பற்றியே பலரும் பேசுகிறார்கள். பையின் விளிம்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு. முழு வெற்றிடத்தில் ஒரு சதுர மீற்றர் பரப்பின்மீது வளிமண்டலம் ஏறத்தாழ 10 தொன் எடைக்குச் சமமான விசையைச் செலுத்துகிறது. அந்த விசை முழுவதும் விளிம்பு காற்றுப் புகாமல் மூடப்பட்டிருப்பதையே நம்பியிருக்கிறது. ஆகவே மூன்று முறைகளையும், கசிவு வந்தால் எவ்வளவு விரைவில் கண்டு அடைக்கலாம் என்ற ஒரே அளவுகோலால் பார்ப்பது நல்லது.

பியூட்டைல் இறப்பர் ஒட்டுநாடாவும் நைலோன் படலமும் சேர்ந்த முறையே விமானத் தொழிலில் மிகப் பரவலானது. அச்சின் ஓரத்தில் நாடாவை ஒட்டி, மேற்றாளை உடனே உரிக்காமல், படலத்தை ஒரு மூலையிலிருந்து அமர்த்திக்கொண்டு போகும்போது சிறிது சிறிதாக உரிக்க வேண்டும். படலம் அச்சைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதால், மிகுதியாகும் பகுதியைக் காதுபோல நிமிர்த்தி, அதன் இரு பக்கத்துக்கும் இடையே நாடாத் துண்டொன்றை எழுப்பி வைப்பார்கள். கசிவு பெரும்பாலும் இந்தக் காதுகளின் அடியில்தான் பிறக்கும். எனினும் அங்கே செவியைக் கொண்டுபோனால் சீறல் கேட்கும். விரலால் அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். பாகம் ஒட்டாதிருக்க அச்சுக்கு மெழுகு பூசுமுன் ஓரத்தை மறைத்து வைக்காவிட்டால் மட்டும் எந்த நாடாவும் பிடிக்காது. நைலோன் ஈரத்தை உறிஞ்சி நெகிழும் பொருள் என்பதால் நமது கடற்காற்று அதற்கு நன்மையே. குளிரூட்டி உலர்த்திய அறையில்தான் அது விறைத்து மடிப்புகளில் வெடிக்கும்.

உறைப்பை என்பது அச்சையே முழுதாகப் பைக்குள் இடுவது. அச்சின் பரப்பு காற்றைக் கசியவிடும் மரமோ சாந்தோ ஆனால் இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அச்சை எல்லாப் பக்கமும் அழுத்துவதால் மெல்லிய அச்சு நெளியக்கூடும்.

மீளப் பயன்படும் சிலிக்கோன் விரிப்பு பாகத்தின் வடிவிலேயே வார்க்கப்படுவதால் உள்மூலைகளில் படலம் எட்டாமல் பாலம்போல நிற்கும் குறை நீங்குகிறது. விளிம்பை ஒரு தனி வெற்றிடக் கால்வாய் பிடித்துக்கொள்ள, மூடும் வேலை சில நிமிடங்களில் முடிகிறது. விலை அதிகம். நடுவில் ஊசித்துளை விழுந்தால் அதைத் தேடுவது பெரும்பாடு. நமது வள்ளப் பட்டறைகளில் புழங்கும் பொலியெஸ்ரர் பிசினிலுள்ள ஸ்ரைரீன் என்ற கரைப்பான் சிலிக்கோனை ஊதவைத்து நாளடைவில் கெடுத்துவிடும் என்பதால், அங்கிருந்து இரவல் வாங்கிய பிசினுக்கு இது பொருந்தாது.

ஏறத்தாழ 180 பாகை செல்சியசில், 6 அல்லது 7 மடங்கு வளிமண்டல அமுக்கத்தில் இயங்கும் ஓட்டோகிளேவ் என்ற அமுக்கச் சூளையில் பை கிழிந்தால் பாகம் பெரும்பாலும் குப்பைக்கே போகும். ஓட்டோகிளேவ் இல்லாத, வெற்றிடத்தால் பிசினை இழுக்கும் முறையிலோ கசிந்த காற்று குமிழியாகப் பாகத்துக்குள்ளேயே தங்கிவிடும். ரஷ்யாவின் எம்சி-21 விமானத்தின் இறக்கை இம்முறையில் செய்யப்படுவதே. அதனால்தான் பிசினைத் திறக்குமுன் பம்பியைத் துண்டித்து, வெற்றிடம் குறைகிறதா என்று அமுக்கமானியைக் கவனிக்கிறார்கள்.

கிளிநொச்சியிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர்கள் ஆளில்லா விமானத்துக்கு ஓரிரு இறக்கைகள் செய்வதானால், என் தெரிவு ஒட்டுநாடாதான். ஒரே அச்சில் பத்துப் பதினைந்து பாகங்கள் எடுக்கும் நிலை வந்தபின் சிலிக்கோனை எண்ணலாம். எதைத் தெரிந்தாலும் பம்பிக்கும் பைக்கும் இடையில் ஒருவழி வால்வு ஒன்றைப் பொருத்த வேண்டும். பிசின் இறுகுமுன் மின்வெட்டு வந்தால், ஜெனரேற்றர் இயங்கும்வரை வெற்றிடத்தைத் தாங்கப்போவது அந்த வால்வும் ஓரத்து நாடாவும்தான்.