காடு காக்கப் போராடுவோருக்கு இலவசச் சட்ட ஆலோசனை: ஈ.டி.ஓ. சேவை குறித்த மதிப்புரை

ஆஸ்திரேலியாவின் இயற்கைக் காடுகளில் வணிக நோக்கில் மரம் வெட்டுவதை விக்டோரியாவும் மேற்கு ஆஸ்திரேலியாவும் 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிவுக்குக் கொண்டுவந்தன. டாஸ்மேனியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் வெட்டு தொடர்கிறது. அதை எதிர்த்துக் காட்டு வாசலில் நிற்க விரும்புகிறவர், தாம் நிற்கும் இடம் சட்டத்தின் கோட்டுக்கு இப்பால் இருக்கிறதா அப்பால் இருக்கிறதா என்பதை வீட்டிலிருந்து புறப்படுவதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். அதை அறிந்துகொள்ள நான் நாடிய இடங்களில் மிகுந்த நம்பிக்கை தந்தது, சுருக்கமாக ஈ.டி.ஓ. எனப்படும் என்விரான்மென்டல் டிஃபென்டர்ஸ் ஆபீஸ் என்ற சமூகச் சட்ட மையத்தின் சேவை. ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழர்களுக்குப் பயன்படும் என்பதால் அதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

மாநிலந்தோறும் தனித்தனியே இயங்கிவந்த சுற்றுச்சூழல் சட்ட அலுவலகங்கள் 2019-இல் ஒன்றிணைந்து உருவான அமைப்பு இது. தொடக்க நிலை ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. போராட்டம் தொடர்பான சட்டங்களை விளக்கும் தகவல் தாள்களை இணையத்தில் யாரும் படிக்கலாம். காவலர் எப்போது பெயரும் முகவரியும் கேட்கலாம், கலைந்து செல்லச் சொல்லும் உத்தரவு எப்போது செல்லும், கைதானால் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லத் தேவையில்லை என்பன போன்ற கேள்விகளுக்கு அவை நேரடியாகப் பதில் தருகின்றன. போராடு என்று தூண்டுவதும் இல்லை, போராடாதே என்று அச்சுறுத்துவதும் இல்லை. முடிவெடுக்கும் பொறுப்பைப் படிப்பவரிடமே விட்டுவிடும் இந்த நிதானத்தையே இச்சேவையின் முதல் சிறப்பாகக் கருதுகிறேன்.

இப்படியொரு துணை ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு டாஸ்மேனியாவின் அனுபவமே சான்று. ஆஸ்திரேலிய அரசமைப்பில் ஒன்றுகூடும் உரிமை என்று எழுதிவைக்கப்பட்ட உரிமை ஏதும் இல்லை. அரசியல் கருத்துப் பரிமாற்றத்துக்கான சுதந்திரம் அரசமைப்பில் உட்கிடையாக இருக்கிறது என்று நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன, அவ்வளவே. அதுவும் தனிமனிதர் உரிமை கோரிப் பெறக்கூடியது அன்று. சட்டமியற்றும் அதிகாரத்துக்கு இடப்பட்ட எல்லை. விக்டோரியா, குயின்ஸ்லாந்து, தலைநகரப் பிரதேசம் ஆகியவற்றில் அமைதியாகக் கூடும் உரிமையைக் காக்கும் மனித உரிமைச் சட்டங்கள் உண்டு. மரம் வெட்டு தொடரும் டாஸ்மேனியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் அப்படியொரு சட்டம் இல்லை. இந்நிலையில், பணியிடங்களைப் போராட்டக்காரர்களிடமிருந்து காப்பதாகச் சொல்லி டாஸ்மேனியா 2014-இல் ஒரு சட்டம் இயற்றியது. முன்னாள் செனட்டர் பாப் பிரவுன் 2016 ஜனவரியில் லபொய்ன்யா காட்டில் அச்சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டபோதும் அவர் சட்டத்தையே எதிர்த்து வழக்காடினார். நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2017 அக்டோபரில் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. வேலி இல்லாத, அடையாளப் பலகை இல்லாத காட்டில், சட்டம் ‘வணிக வளாகம்’ என்று குறிப்பிடும் பணியிடம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று போராடுகிறவருக்கும் தெரியாது, கைது செய்யும் காவலருக்கும் தெரியாது என்பது அத்தீர்ப்பில் பெரும் இடம் பிடித்த கவலை. கோடு எங்கே என்று தெரியாதபோது, கோட்டுக்கு வெளியே நிற்கும் உரிமையுள்ளவரும் அஞ்சி விலகிவிடுவார். அந்த அச்சத்துக்கு மருந்து தெளிவான தகவல்தான்.

தீர்ப்போடு கதை முடியவில்லை என்பது வேதனைக்குரியது. டாஸ்மேனியா 2022-இல் வேறொரு வடிவில் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு நியூ சவுத் வேல்ஸ், முக்கியச் சாலைகளையும் துறைமுகங்கள் போன்ற வசதிகளையும் முடக்குவோருக்கு 2 ஆண்டு வரை சிறையும் 22,000 டாலர் வரை அபராதமும் விதிக்க வழி செய்தது. கம்பளி பின்னியபடியே போராட்டக் களத்தில் அமரும் ‘நிட்டிங் நானாஸ்’ குழுவைச் சேர்ந்த இரு பெண்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுக்காக நின்றது ஈ.டி.ஓ. மாநில உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் அச்சட்டத்தின் சில பகுதிகள் மட்டும் செல்லாது என்றது. மற்றவை இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. முழு வெற்றி இல்லைதான். ஆனாலும் ஆலோசனை சொல்கிறவர்களே அந்தச் சட்டத்தை நீதிமன்றத்தில் வரிவரியாக ஆராய்ந்து வாதிட்டவர்கள் என்பது, அவர்களுடைய தகவல் தாளைப் படிக்கும் எனக்குத் தனி உறுதியைத் தருகிறது.

நம்மவர்களுக்கு மிக முக்கியமான ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். குடியுரிமை பெற்ற ஒருவருக்குச் சிறு அபராதத்தோடு முடிந்துவிடும் கைது, விசாவில் இருப்பவருக்கு அப்படி முடியாமல் போகலாம். குடிவரவுச் சட்டத்தின் 501-ஆம் பிரிவின்படி, 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவர் நன்னடத்தைத் தேர்வில் தேறமாட்டார். மேலே சொன்ன நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தின் உச்சத் தண்டனை அதைவிட அதிகம். புகலிடம் கோரி, பிரிட்ஜிங் விசா ஈ என்ற தற்காலிக விசாவில் காத்திருக்கும் ஈழத் தமிழர்களின் நிலை இன்னும் கடினமானது; குற்றம் நிரூபிக்கப்படும் முன்பே, குற்றச்சாட்டு பதிவானதை வைத்தே அந்த விசாவை ரத்து செய்ய விதிகளில் இடமுண்டு. சுற்றுச்சூழல் வழக்கறிஞரும் குடிவரவு வழக்கறிஞரும் வெவ்வேறு துறையினர் என்பதால், விசாவில் இருப்பவர்கள் ஈ.டி.ஓ.வோடு நின்றுவிடாமல் குடிவரவுச் சட்டம் அறிந்தவரையும் கட்டாயம் கலந்து பேச வேண்டும்.

சேவைக்கு எல்லைகள் உண்டு. வருகிற எல்லாருடைய வழக்கையும் ஏற்று நடத்தும் வசதி எந்தச் சமூகச் சட்ட மையத்துக்கும் கிடையாது. இவ்வகை அலுவலகங்களுக்கான கூட்டாட்சி அரசின் நிதி 2013-இல் நிறுத்தப்பட்டு, 2022-இல் வந்த அரசின் காலத்தில்தான் மீண்டும் கிடைத்தது. அரசு மாறினால் ஆட்டம் காணக்கூடிய ஓர் அமைப்பை நாம் நன்கொடையால் தாங்க வேண்டியிருக்கிறது. கடலுக்கடியில் எரிவாயுக் குழாய் பதிப்பதை எதிர்த்த பரோசா வழக்கில் ஈ.டி.ஓ. வழக்கறிஞர் நடந்துகொண்ட விதத்தை 2024 ஜனவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்ததையும் மறைப்பதற்கில்லை. அது கவலை தரும் கண்டனம். எனினும், போராட்டச் சட்டம் குறித்து இவர்கள் தரும் தகவலின் தரத்தை அது எவ்விதத்திலும் குறைத்ததாக நான் காணவில்லை.

போராட்ட நாளன்று களத்தில் நடப்பதைப் பதிவு செய்ய இச்சேவை போதாது. அதற்கு மெல்போர்ன் ஆக்டிவிஸ்ட் லீகல் சப்போர்ட் போன்ற, பயிற்சி பெற்ற சட்டப் பார்வையாளர்களை அனுப்பும் குழுக்கள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே நல்லது.

கைதாகும் வாய்ப்பையே ஏற்க முடியாதவர்களும் இச்சேவையை நாடலாம் என்பது என் பரிந்துரை. மூடப்படாத அரசுக் காட்டில் இரவில் விளக்கடித்து விலங்குகளைக் கணக்கெடுப்பது, வெட்டு விதிகள் மீறப்படுவதை ஆதாரத்தோடு புகார் செய்வது ஆகியவையும் எதிர்ப்பின் வடிவங்களே. நியூ சவுத் வேல்ஸின் டல்லகாண்டா காட்டில், மரத்துக்கு மரம் சறுக்கிச் செல்லும் கிரேட்டர் கிளைடர் ஒன்று இறந்து கிடந்ததை அடுத்து, 2023 ஆகஸ்டில் மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் அங்கு மரம் வெட்டுவதை நிறுத்த உத்தரவிட்டது. எந்தப் பகுதி மூடப்பட்டிருக்கிறது, புகாரை யாருக்கு எப்படி எழுதுவது என்ற ஐயங்களைக் காட்டுக்குப் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே எழுதிக் கேளுங்கள். இலவசச் சேவை என்பதால் பதில் வரச் சற்றுக் காலம் பிடிக்கலாம்.