மேஸி 1035 ஸ்டார்ட்டிங் டிரபிளும் கலாசிபாளையம் பம்ப் கடையும்

ஆனேக்கல் பக்கம் எங்களுக்கு மூணு ஏக்கர் ராகி நிலம் இருக்கு. அதுல ஓடுறது அப்பா செகண்ட் ஹேண்ட்ல வாங்கின மேஸி பெர்குசன் 1035 டிராக்டர், சிம்ப்சன் இன்ஜின், மூணு சிலிண்டர். நான் பெங்களூரு ஈஜிபுரால குடியிருக்கேன், சனி ஞாயிறு தான் போய் பாக்க முடியும், மத்த நாள்லாம் வண்டி அப்பா பொறுப்பு. போன கார்த்திகையில இருந்து காலையில வண்டி எழும்பவே மாட்டேன்னுடுச்சு. செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரி இறங்கிடும், அப்பறம் பக்கத்து தோட்டத்து டிராக்டரை கூப்ட்டு கயிறு கட்டி இழுக்கணும். ஆனா மதியம் சூட்டுல நிறுத்திட்டு திரும்ப அடிச்சா ஒரே அடியில பிடிச்சுக்கும்.

மொதல்ல பாத்த மெக்கானிக் பேட்டரி போச்சுன்னாரு, 7,500 குடுத்து புதுசு போட்டோம், ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு, மூணாவது நாள் பழையபடி. அடுத்து வந்தவரு கம்ப்ரஷன் இல்ல, இன்ஜின் இறக்கணும், 60,000 ஆகும், அது வரைக்கும் ஏர் கிளீனர் வாயில பெட்ரோல் துணி வெச்சு அடிங்கன்னுட்டு போயிட்டாரு. அப்பாவும் ரெண்டு தடவை அப்படி பண்ணிருக்காரு, உள்ள டம்முனு ஒரு அடி விழுந்ததாம். தயவு செஞ்சு யாரும் இதை பண்ணாதீங்க, பெட்ரோல் ஆவி நேரங்கெட்டு வெடிச்சு பிஸ்டனும் ரிங்கும் தான் அடி வாங்கும்.

அப்ப ஒரு லாரி டிரைவர் அண்ணன் சொன்னது தான் டீசல் பம்ப், நாசில் எல்லாம் சரி பண்ற இந்த கடை. கலாசிபாளையத்துல, ஜேசி ரோட்டுக்கு போற பக்கம் ஒரு சந்துல இருக்கு, போர்டு கிடையாது, பம்ப் கடைனு கேட்டா யாரும் காட்டுவாங்க. கடைக்காரருக்கு அறுபது வயசு இருக்கும், எல்லாரும் பாய்னு தான் கூப்புடுறாங்க, தமிழ் கன்னடம் உருது மூணும் கலந்து பேசுவாரு. அவரோட மாமா டீசல் பம்ப் செய்யற ஆடுகோடி மைக்கோ பேக்டரில வேலை பாத்தவராம், தொழில் அவர்கிட்ட கத்துக்கிட்டது. பெங்களூருல டீசல் பம்ப் தெரிஞ்ச கை இத்தனை இருக்கறதுக்கு அந்த பேக்டரியும் ஒரு காரணம்னு நெனைக்கிறேன். 1951ல ஆரம்பிச்ச கம்பெனி, 2008ல பாஷ்னு பேரு மாத்திட்டாங்க, ஆனா எங்க வண்டி பம்ப் மேல இன்னும் மைக்கோனு தான் எழுத்து இருக்கு.

போன உடனே நான் பம்பை கழட்டி எடுத்துட்டு வரவா பாய்னு கேட்டேன். அவரு, "செல்ஃப் அடிக்கறப்போ சைலன்சர்ல என்ன புகை வருது தம்பி?"ன்னாரு. எனக்கு தெரியல. "வெள்ளை புகை வந்தா டீசல் போகுது, எரியல. புகையே வரலைன்னா டீசலே போகல. அதை பாத்து சொல்லுங்க, அப்பறம் பம்பை பேசிக்கலாம்." அவ்வளவு தான், காசும் வாங்கல, திருப்பி அனுப்பிட்டாரு. எனக்கு அந்த நிமிஷமே நம்பிக்கை வந்துடுச்சு. கழட்டி வெச்சா பில்லு ஏறும்னு தெரிஞ்சும் வேண்டாம்னு சொல்ற ஆளை நான் இந்த ஊர்ல ரொம்ப பேரை பாத்ததில்ல.

அப்பா மறுநாள் காலையில பாத்தாரு. மொதல்ல பத்து செகண்ட் புகையே இல்ல, அப்பறம் லேசா வெள்ளை, போக போக குபுகுபுன்னு வெள்ளை. போன்ல சொன்னேன், ரெண்டு கோளாறு இருக்குன்னாரு பாய். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல அரை அடி கண்ணாடி மாதிரி உள்ள தெரியற டியூப் மாட்டி கை பம்ப் அடிச்சு பாருங்கன்னாரு, மாட்டினா குமிழி குமிழியா ஓடுது. ஃபில்டர் தலைக்கு கீழ தடவி பாத்தா டீசலும் மண்ணும் சேர்ந்து கறுப்பு மை மாதிரி விரல்ல ஒட்டுச்சு, அங்க இருந்த காப்பர் வாஷர் எத்தனை தடவை கழட்டி மாட்டினதோ, கெட்டியாயி உக்காரவே இல்ல. அப்பா ராத்திரி டேங்க் காக்கை, அதாவது டீசல் வர்ற திருகு வால்வை, மூடிட்டு தான் வருவாரு, நல்ல பழக்கம் தான், ஆனா வாஷர் வழியா டீசல் கசிஞ்சு லைன்ல காத்து ஏறிடுது, மேல இருந்து டீசல் வர வழியில்ல. பகல்ல காக்கு திறந்தே இருக்கறதால தெரியல.

அடுத்தது பேட்டரி கேபிள். மல்டிமீட்டர் வெச்சு செல்ஃப் அடிக்க சொன்னாரு: பேட்டரில 10.8 வோல்ட், செல்ஃப் மோட்டார்கிட்ட 8.9 தான். நடுவுல கிட்டத்தட்ட 2 வோல்ட்டை கேபிள் தின்னுது. எர்த் கேபிள் முனையில இருக்கற லக்கை கழட்டினா உள்ள பச்சை பூத்து கெடக்கு, கீழ பெயிண்ட் மேலயே போல்ட் போட்டிருக்காங்க. டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாதே, காத்தை அழுத்துற சூட்டுல தான் எரியணும், மெதுவா சுத்தினா அந்த சூடு சேராது. இந்த ஒரு கேபிளை யாராவது பாத்திருந்தா 7,500 மிச்சம் ஆயிருக்கும், நெனச்சா இன்னும் வயிறு எரியுது.

இதெல்லாம் சரி பண்ணினதும் பாதி குணமாச்சு, ஆனா வெள்ளை புகை போகல. அப்ப தான் சிலிண்டருக்குள்ள டீசலை பீச்சி அடிக்கற நாசில் மூணையும் கழட்டி பழைய வேட்டில சுத்தி மார்க்கெட் பஸ்ல எடுத்துட்டு போனேன்.

அந்த டெஸ்டிங் மேஜையை பாக்கணும். கை லிவர் ஒண்ணு, மேல வட்டமா பிரஷர் மீட்டர், கீழ நாசில். லிவரை அழுத்தினாரு, மொதல் நாசில் கிர்ர்னு கிரீச்சிட்டு மூடுபனி மாதிரி அடிச்சுது, அந்த சத்தம் வந்தாலே நாசில் ஆரோக்கியம்னாரு. ரெண்டாவதும் அப்படியே. மூணாவது சத்தமே இல்ல, முனையில ஒரு சொட்டு தொங்கிக்கிட்டே இருந்து விழுந்துச்சு, மீட்டர் 120 கூட தாண்டல, மத்த ரெண்டும் 180க்கு மேல தான் திறந்துச்சு. நான் கிட்ட கை நீட்டினேன், படக்குன்னு தட்டி விட்டாரு, அந்த பிரஷர்ல அடிக்கற டீசல் தோலுக்குள்ளயே போயிடும்னு அதட்டினாரு. பம்பை பத்தி கேட்டதுக்கு, "அது சீல் உடையாம இருக்கு, அதை ஏன் தொடணும்?" ஒரு நாசில் டிப் மட்டும் மாத்தி, ஷிம்னு மெல்லிசு தகடு போட்டு மூணையும் ஒரே பிரஷருக்கு கொண்டு வந்தாரு.

மொத்த செலவு வாஷர் எல்லாம் சேர்த்து கடையில 2,350, கேபிள் தனியா 900. மார்கழி குளிர்ல காலையில ஆறே காலுக்கு டீசல் லைன்ல ஏர் எடுத்துட்டு அடிச்சோம், நாலு செகண்ட்ல பிடிச்சுது, அப்பா இறங்காம ஸ்டியரிங்கை பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. ரெண்டு மாசம் ஆச்சு, கயிறு எடுக்கவே இல்ல. அந்த 60,000 விஷயமும் கேட்டேன், ஓடுறப்ப ஆயில் மூடியை திறந்து பாருங்க, புகை புசு புசுன்னு தள்ளினா இன்ஜின் இறக்கறதை யோசிக்கலாம்னாரு, எங்க வண்டில லேசா தான் வருது.

குறையும் சொல்லிடறேன். வியாழக்கிழமை தரேன்னு சொல்லி சனிக்கிழமை தான் குடுத்தாரு, ராகி கட்டு களத்துல கெடக்கறப்போ ரெண்டு நாள்ங்கறது பெரிய விஷயம். பில்லு கிடையாது, அட்டையில எழுதி தருவாரு. சந்துல வண்டி நிறுத்த இடமே இல்ல. அஞ்சுக்கு நாலரை குடுப்பேன்.

ஞாயிறு லீவு. போன் சாயங்காலம் 4 மணிக்கு மேல தான் எடுப்பாரு. நாசில் எடுத்துட்டு போறவங்க கழட்டின ஓட்டைக்கும் பைப் வாய்க்கும் சுத்தமான துணி அடைச்சுட்டு போங்க, நாசில் அடியில இருக்கற காப்பர் வாஷரையும் மறக்காம தேடி எடுங்க, பழசு ஹெட்டுலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், அதுக்கு மேல புதுசு போட்டா நாசில் சரியா உக்காராது.