பாதியாக வெட்டிக் கொடுத்த மாத்திரை அட்டை

ஊருக்கு வந்து மூன்றாம் நாள் ராத்திரி. உடம்பு இன்னும் லண்டன் நேரத்திலேயே இருந்தது. இங்கே இரண்டு மணி என்றால் அங்கே ஒன்பதரைதான், தூக்கம் எங்கிருந்து வரும்? கூடத்தில் விழித்துக் கிடந்தேன். பக்கத்தில் அம்மா முனகினாள். கையைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது, ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் ரவிக்கை தொப்பலாக நனைந்திருக்கிறது. உலுக்கி எழுப்பினால் என்னைப் பார்த்து அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

பெட்டியிலிருந்த சுகர் மெஷினை எடுத்து விரலில் குத்திப் பார்த்தேன். 2.8 என்று காட்டியது. இங்கிலாந்து மெஷின், அதன் கணக்கே வேறு. நம் ஊர்க் கணக்குக்கு 18ஆல் பெருக்க வேண்டும், அதாவது 50. 70க்குக் கீழே இறங்கினாலே லோ சுகர். நல்லவேளை, முழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்தது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 4.4, நம் கணக்கில் 79. அப்புறம் பாலும் நாலு பிஸ்கட்டும் கொடுத்தேன். சில சுகர் மாத்திரைகள் மணிக்கணக்கில் மறுபடி மறுபடி இறக்கும் என்பதால் விடியும் வரை மணிக்கு ஒரு தடவை குத்திக்கொண்டே இருந்தேன். நான் வந்திருக்காவிட்டால் அந்த ராத்திரி அவள் தனியாகத்தான் படுத்திருப்பாள்.

காலையில் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்தேன். மெட்ஃபார்மின் பெரிய மாத்திரை, அதில் குழப்பம் இல்லை. மீதி இரண்டும் சின்ன வெள்ளை மாத்திரை. ஒன்று காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய சுகர் மாத்திரை, கிளிபென்கிளமைடு. இன்னொன்று ராத்திரி போடுகிற பிரஷர் மாத்திரை, அம்லோடிபின். அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. பச்சை எழுத்து அட்டை காலைக்கு, நீல எழுத்து அட்டை ராத்திரிக்கு என்று அடையாளம் வைத்திருந்தாள். அந்தத் தடவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாக் குறைவு என்று 15 நாளைக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். 15 என்றால் ஒரு முழு அட்டை, அப்புறம் கத்தரிக்கோலால் வெட்டிய ஒரு பாதி. முழு அட்டை இருந்த பத்து நாளும் பிழை இல்லை. பதினோராம் நாள் கையில் மிஞ்சியவை இரண்டு பாதிகள். பெயரும் காலாவதித் தேதியும் அச்சடித்த பாதிகள் வேறு யார் வீட்டுக்கோ போய்விட்டன. ராத்திரி இரண்டு இட்லி தின்றுவிட்டு, பிரஷர் மாத்திரை என்று நினைத்து சுகர் மாத்திரையைப் போட்டிருக்கிறாள்.

அன்றைக்கே நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் நல்ல டாக்டர், இந்த வயசுக்கு அந்த மாத்திரை வேண்டாம் என்று நிறுத்தி, ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். லண்டனில் காலை எட்டு மணிக்கு ஃபோனை எடுத்து வரிசையில் காத்திருந்து, இன்றைக்கு இடம் முடிந்துவிட்டது என்று கேட்டு வைக்கிறவளுக்கு, ஒரு ஓ.பி. சீட்டோடு ஒரே காலையில் டாக்டரைப் பார்த்தது பெரிய விஷயம்தான்.

அடுத்து மருந்து ஜன்னல். அதே கத்தரிக்கோல், அதே பாதி அட்டை. முந்தின ராத்திரி நடந்ததைச் சொல்லி, முழு அட்டையாகக் கொடுங்கள், இல்லையென்றால் ஒரு கவரில் போட்டுப் பெயராவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். "கவர் இல்லம்மா. பெருசு சுகருக்கு, சின்னது பிரஷருக்கு, அவங்களுக்கே தெரியும்" என்றார் மருந்து கொடுக்கிறவர். எனக்குப் பின்னால் நாற்பது பேராவது நின்றார்கள், உள்ளே அவர் ஒருத்தர்தான். அது எனக்கும் தெரிந்தது. ஆனால் எனக்குப் பின்னால் நின்றவர்கள் பாதிப் பேர் அம்மா வயசு, அவர்கள் மஞ்சப்பையிலும் முந்தானை முடிச்சிலும் போவதும் அதே பாதி அட்டைகள். கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது, அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டிலிருந்து பாட்டில் எடுத்துக்கொண்டு போய் சிவப்பு மிக்சர் மருந்து வாங்குவோமே, நினைவிருக்கிறதா? எங்கள் கம்பவுண்டர் ஒரு வெள்ளைக் காகிதத்தை நீளமாக மடித்து, ஓரத்தில் பல் பல்லாக வெட்டி, பசை தடவி பாட்டிலில் ஒட்டுவார். ஒரு வேளைக்கு ஒரு பல். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி அதைப் பார்த்து ஒரு தடவைகூட அளவு தப்பியதில்லை. லண்டனில் எனக்கு ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு கட்டணம், ஆனால் டப்பாவின் மேல் என் பெயர், மருந்தின் பெயர், எப்போது எத்தனை என்று ஒட்டாமல் வெளியே வராது. இங்கே மருந்து இலவசம், 1990களிலிருந்து தமிழ்நாடு அரசின் மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து ஊர் ஊராக அனுப்புகிறது. இவ்வளவு பாடுபட்டு வந்த மாத்திரை கடைசி ஒரு முழத்தில், அந்த ஜன்னலில், பெயரில்லாமல் போகிறது.

இரண்டு நாள் கழித்து, சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் தன்னார்வலர் வந்தார். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியபோது ஃபோனில் படித்ததோடு சரி, நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நடவு வயல் வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவர், கால் கழுவிவிட்டு உட்கார்ந்து பிரஷர் பார்த்தார். போன தடவை வந்தபோது அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருந்தாளாம், அதனால்தான் ஜன்னலுக்குப் போக வேண்டி வந்தது. ராத்திரி நடந்ததைக் கேட்டதும் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த பழைய மொய்க் கவர்களை எடுத்தார். ஒன்றில் பால்பாயிண்ட் பேனாவால் சூரியன் வரைந்தார், ஒன்றில் பிறை நிலா. "பெரியம்மா, சூரியன் காலைக்கு, நிலா ராத்திரிக்கு. வெட்டின அட்டையை இதுக்குள்ளதான் போடணும்." அம்மாவை நாலு தடவை எடுத்துக் காட்டச் சொல்லி, சரியாகக் காட்டிய பிறகுதான் கிளம்பினார்.

லண்டன் திரும்பிவிட்டேன். போன வாரம் வீடியோவில் அம்மா டப்பாவைத் திறந்து காட்டினாள். மறுபடியும் பாதி அட்டைதான் வந்திருக்கிறது. நிலா கவர் வேர்வையில் நைந்துபோய், புதிதாக ஒரு நிலா வரைந்திருந்தது. யார் வரைந்தது என்று கேட்டேன். தானேதான் என்றாள்.