வன்னி வீதிக்கு ஒரு பழைய ஓட்டோ கியர் கார்: பெரோடுவா வீவா ஓடிப் பார்த்த அனுபவம்

எங்கள் வீட்டில் கார் வாங்கும் பேச்சு எழுந்தபோது இரண்டு நிபந்தனைகள்தான் இருந்தன. தருமபுரத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஸ்கூட்டியில் வேலைக்குப் போய்வரும் என் மனைவிக்கு இடது முழங்காலில் வருத்தம் இருப்பதால் கிளச் மிதிக்கத் தேவையில்லாத வண்டியாக அது இருக்கவேண்டும். பழுதுபட்டால் ஒரு மாதச் சம்பளத்துக்குள் திருத்தக்கூடியதாகவும் இருக்கவேண்டும். முதல் நிபந்தனைக்குப் பல கார்கள் பொருந்தின. இரண்டாவது நிபந்தனை அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தள்ளிவிட்டது. கடைசியில் கே வரிசை இலக்கத் தகடு கொண்ட, 1000 சீசீ பெரோடுவா வீவா ஓட்டோ கியர் கார் ஒன்றை வாங்கினோம். (இங்கே ‘ஓட்டோ வாங்கிவிட்டோம்’ என்று சொன்னால் முச்சக்கர வண்டிக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள், ‘கியர்’ என்ற சொல்லையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது.) ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய பிறகு இதை எழுதுகிறேன்.

வாங்குமுன் நான் செய்த உருப்படியான வேலை, கார் விற்பவர்களிடம் போவதற்கு முன்னர் கராஜுக்குப் போனதுதான். “சேர், கழட்ட எல்லாரும் கழட்டுவாங்கள், பூட்டத் தெரிஞ்ச ஆள் எங்க இருக்கிறான் எண்டு பாத்து வாங்குங்கோ” என்றார் எங்கள் கராஜ்காரர். ஓட்டோ கியர் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே இருக்கும் பொறி ஒன்றல்ல என்பதை அன்றுதான் நான் ஒழுங்காக விளங்கிக்கொண்டேன். பழைய முறையில், எஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியாகக் கடத்தும் டோர்க் கொன்வேட்டரும் நான்கு கியர்களும் இருக்கும். பெற்றோல் சற்றுக் கூடுதலாகக் குடித்தாலும், பல பத்தாண்டுகளாக ஓடித் தேறிய பொறி அது. சிவிரி (CVT) என்பதில் பற்சக்கரப் படிகளுக்குப் பதிலாக, இரண்டு கப்பிகளுக்கிடையே ஓர் உருக்குப் பட்டி ஓடும். மென்மையாகவும் சிக்கனமாகவும் ஓடினாலும், அதற்கென்றே உள்ள ஒயிலை விட்டு வேறெதையாவது ஊற்றினாலோ, ஒயில் மாற்றாமலே நெடுநாள் ஓடினாலோ பட்டியும் கப்பியும் தேய்ந்துவிடும். அதன் பின்னர் பெரும்பாலும் முழுக் கியர்ப்பெட்டியையும் மாற்றுவதுதான் வழி. ஏஎம்ரி (AMT) என்பது சாதாரண மனுவல் கியர்ப்பெட்டிதான். கிளச்சையும் கியரையும் மனிதக் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி இயக்குகிறது. கிளச் பிளேற் தேய்ந்தால் மனுவல் காருக்குச் செய்யும் வேலையே போதும், ஆனால் அந்தக் கருவி பழுதானால் கணினி வைத்துச் சரிபார்க்கத் தெரிந்தவர் வேண்டும்.

இந்தக் கண்ணோடு பார்த்தபோது தெருவில் நிற்கும் கார்கள் வேறாகத் தெரிந்தன. ஜப்பானிலிருந்து வந்த சுசுகி வேகன் ஆர் நாட்டில் ஏராளமாக இருப்பதால், கழற்றி விற்கும் பழைய பாகங்களைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி எடுக்கலாம். 660 சீசீ எஞ்சின் பெற்றோலையும் மிச்சப்படுத்தும். ஆனால் அதில் இருப்பது சிவிரி. எஞ்சினோடு மின் மோட்டரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் வகையில் இருக்கைக்கு அடியில் ஒரு லிதியம் பற்றரியும், எஞ்சினை எழுப்பவும் மின் ஆக்கவும் ஒரே மோட்டரும் இருக்கின்றன. இவற்றில் ஏதாவது குழம்பினால் கிளிநொச்சிப் பகுதியில் ஊகத்தில் திருத்த முடியாது. இன்னொரு ஹைபிரிட் காரான டொயோட்டா அக்குவாவின் பற்றரி பின்னிருக்கைக்கு அடியில் இருந்துகொண்டு, பயணிகள் பகுதிக் காற்றையே உறிஞ்சிக் குளிர்கிறது. உள்வீதிகளின் கிரவல் தூசி அந்த வழியை அடைத்தால் பற்றரியின் ஆயுள் குறையும் என்பதனால் அதையும் விட்டோம். சுசுகி செலேரியோ, ஓல்ரோ கே10 ஆகியவற்றின் ஏஎம்ரி வகைகள் மலையற்ற வன்னிக்குப் பொருத்தமானவை. ஆனால் கியர் மாறும்போது தலை சற்று முன்னால் ஆடும், அதை மனைவி விரும்பவில்லை. 2005 முதல் 2010 வரை வந்த டொயோட்டா விட்ஸின் 1000 சீசீ கார், நான்கு கியர் பழைய முறையும் மூன்று சிலிண்டர் எஞ்சினும் கொண்டது. உண்மையில் அதுதான் என் முதல் விருப்பம். ஆனால் விட்ஸ் என்ற பெயருக்கே ஒரு தனி விலை கொடுக்கவேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்ததால், பதினைந்து வயதுக் கார்கூட இளமை விலையில் நிற்கிறது.

வீவா மலேசியக் கார் என்றாலும் உள்ளிருப்பது ஜப்பானிய நிறுவனமான டைஹட்சுவின் தொழில்நுட்பம். 989 சீசீ மூன்று சிலிண்டர் எஞ்சின், வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் சங்கிலியான ரைமிங் செயின், நான்கு கியர் பழைய முறைப் பெட்டி. ஹைபிரிட் பற்றரியும் இல்லை, அதற்கான கணினியும் இல்லை. அதன் எளிமைக்காகவே வாங்கினோம்.

பரிசோதனையைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். விற்பவர் காரை முன்னரே சூடாக்கி வைத்திருக்கக்கூடாது. விடியற்காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய் நாமே எழுப்பவேண்டும். நியூற்றலிலிருந்து டிரைவுக்கும் றிவேர்சுக்கும் மாற்றும்போது ஒரு நொடிக்கு மேல் தாமதமோ, இடிபோல ஒரு தட்டலோ இருந்தால் அந்தக் காரை மறந்துவிடலாம். கியர்ப்பெட்டி ஒயிலின் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தால் சிவப்பாக இருக்கவேண்டும். கறுத்து, கருகிய மணம் வீசினால் உள்ளே கிளச் தட்டுகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன. நமது நிலம் சமதரையாக இருப்பதால் கியர்ப்பெட்டியின் வழுக்கல் ஓட்டத்தில் எளிதாகத் தெரியாது. நாங்கள் காரைக் குளக்கட்டுக்குக் கொண்டுபோய், கட்டின்மேல் ஏறும் சரிவில் நடுவே நிறுத்தி, முன்னாலும் பின்னாலும் ஏற்றிப் பார்த்தோம். முதலில் பார்த்த கார் ஒன்று தார் வீதியில் குதிரைபோல் ஓடிவிட்டு, அந்தச் சரிவில் சத்தம் மட்டும் போட்டுக்கொண்டு நின்றது. விற்பவர் ஏசியைக் குற்றம் சொன்னார்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்துக்குப் பிறகு வாங்குபவர்கள், நீரில் மூழ்கிய கார் கைமாறி வரக்கூடும் என்பதையும் மனத்தில் வைத்திருக்கவேண்டும். இருக்கைப் பட்டியை முழுநீளத்துக்கு வெளியே இழுத்தால் அதன் அடிப்பகுதி வெள்ளத்தின் சேற்றுக் கோட்டைக் காட்டிக்கொடுக்கும். கம்பளத்துக்கு அடியிலும், மேலதிகச் சில்லு வைக்கும் குழியிலும் மண் தங்கியிருக்கும். பதிவுப் புத்தகத்தில் கடன் தீராமல் லீசிங் நிறுவனத்தின் பெயர் நிற்கிறதா என்று பார்ப்பதை எல்லோரும் அறிவார்கள்.

வாங்கியவுடன் கியர்ப்பெட்டி ஒயில், எஞ்சின் ஒயில், கூலன்ற், பிளக்குகள் ஆகியவற்றை மாற்றினோம். அதன் பின்னர் செய்தவை முன் ஷொக் அப்சோர்பர் இரண்டு, முன் சில்லுகளைப் பிடித்திருக்கும் கீழ்க்கைகளின் றபர் புஷ்கள், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ஒன்று. பதினைந்து வயதும் எங்கள் உள்வீதிக் குழிகளும் சேர்ந்து செய்த தேய்மானம் அது. மவுண்டைக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக எடுப்பித்தோம்; மாலையில் சொன்னது மறுநாள் விடியற்காலை கிளிநொச்சியில் இறங்கியது. எல்லா வேலையையும் எங்கள் கராஜிலேயே செய்தார்கள். எதற்கும் கணினி கொண்டுவரவில்லை. தூசியினால் எயார் பில்டரை மட்டும் புத்தகம் சொல்வதைவிட அடிக்கடி மாற்றுகிறோம். பெரும்போக அறுவடைக் காலத்தில் வீதியில் காயும் நெல்லையும் வைக்கோலையும் கடந்து போகவேண்டியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் அடியைக் குனிந்து பார்க்கிறேன். சூடான சைலன்சரில் சுற்றிய வைக்கோல் விளையாட்டல்ல.

குறைகள் இல்லாமலில்லை. கதவின் தகரம் மெல்லியது, மூடும்போதே தெரியும். எண்பதைத் தாண்டினால் காற்றின் இரைச்சலில் வானொலி கேளாது. ஏ9 வீதியில் லொறியை முந்த நினைத்தால், ஏசியை நிறுத்திவிட்டு, எதிர்ப்புறம் நீண்ட வெளி கிடைக்கும்வரை பொறுக்கவேண்டும். லீற்றருக்கு 14 கிலோமீற்றர் அளவில் கொடுக்கிறது. வேகன் ஆர் வைத்திருக்கும் அயலவர் அதைக் கேட்டுச் சிரித்தார். பின்னிருக்கையில் மூன்று பெரியவர்கள் அமர்ந்தால் நடுவில் இருப்பவர் பரந்தன் வருவதற்குள் இறங்கிவிட விரும்புவார். ஆகவே மாதம் இருமுறை குடும்பத்தோடு கொழும்புக்குப் போகிறவர்கள் இதை வாங்கவேண்டாம். கூடுதல் பணத்தைக் கொடுத்து விட்ஸையே தேடுங்கள். வேலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாளொன்றுக்கு 40, 50 கிலோமீற்றர் ஓடும் வீட்டுக்கு வீவா போதும், குளக்கட்டில் ஏறிய வீவாவாக இருந்தால்.