டிவி சேனல் மேல புகார் குடுக்கற ஏற்பாடு: அஞ்சுக்கு மூணு ஸ்டார்

ஹோட்டலுக்கும் மொபைல் கடைக்கும் ரிவ்யூ போடறோம், இதுக்கும் ஒன்னு போட்டா என்னன்னு தோணுச்சு. டிவில வர்ற நிகழ்ச்சி மேல முறையா புகார் குடுக்க ஒரு ஏற்பாடு இருக்குங்க, வக்கீல் தேவையில்ல, ஆனா நம்ம சேலத்துல பாதி பேரு கேபிள்காரர்கிட்ட போய்தான் சத்தம் போடறாங்க, அவரு பாவம் என்ன பண்ணுவாரு, சிக்னல் வரல, பில்லு தப்புன்னா அவரக் கேக்கலாம், என்னத்த காட்டுனாங்கங்கறதுக்கு ரூட்டே வேற.

என் விஷயம் இதுதான். ஏற்காடு பக்கம் ஒரு போக்சோ கேஸ், அதாவது கொழந்தைங்க மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கான சட்டத்துல போட்ட கேஸ். ஒரு நியூஸ் சேனல் அந்தப் பாப்பாவோட மூஞ்சிய மட்டும் மங்கலாக்கிட்டு யூனிஃபார்ம், வீட்டு வாசல், எதுத்தாப்புல மளிகைக் கட போர்டுன்னு மத்ததெல்லாம் பளிச்சுனு காட்டிட்டாங்க. மலைல அது யார் வீடுன்னு யாருக்குங்க தெரியாது? போக்சோ 23வது பிரிவு பேரு, விலாசம், ஸ்கூல், அக்கம்பக்கம் எதையும் வெளிய விடக்கூடாதுன்னு பச்சையா சொல்லுது.

2021 ஜூன்ல கேபிள் டிவி விதிகள்ல இந்த மாதிரி புகாருக்கு மூணு படி கொண்டுவந்தாங்க. மொதல்ல சேனலோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதணும், 24 மணி நேரத்துல கெடச்சுதுன்னு சொல்லணும், 15 நாள்ல முடிவு சொல்லணும். மெயில் போட்டேன், கெடச்சுதுங்கற மெயில் டக்குனு வந்துச்சு, பதில் மட்டும் கெடு முடியற நேரத்துல, அதுவும் ஒத்த வரி: "முகம் மறைக்கப்பட்டுள்ளது." நான் கேட்டது மூஞ்சியப் பத்தியே இல்ல!

அதோட விடாம அடுத்த 15 நாளுக்குள்ள ரெண்டாவது படிக்கு, அதாவது சேனல்களே சேந்து வெச்சிருக்கற அமைப்புக்கு அப்பீல் போடணும், அவங்களுக்கு 60 நாள் டைம். அங்க போனதும் வீடியோவ தூக்கிட்டாங்க. டிவில வருத்தம் தெரிவிக்கவே இல்ல, அதுக்குத்தான் ஒரு ஸ்டார் கட். இன்னொன்னு கட் ஆனது, நான் பாத்த ஃபாரம் பூரா இங்கிலீஷ், தமிழ் சேனலப் பத்தி தமிழ் ஆளு புகார் சொல்றதுக்கு எதுக்குங்க இங்கிலீஷ்? இதுலயும் திருப்தி இல்லன்னா மூணாவது படி மத்திய அரசு.

எழுதறப்ப சேனல் பேரு, தேதி, எத்தன மணிக்கு வந்துச்சு, எந்த விதி மீறல்னு போடுங்க, "ரொம்ப மோசம்"னு மட்டும் எழுதுனா ஓரங்கட்டிருவாங்க. சேனல்காரங்க ஒளிபரப்புனத 90 நாள் வெச்சிருக்கணும், அதனால ரெக்கார்டிங் இல்லன்னு கத விட்டா நம்பாதீங்க, ஆனா நீங்களும் லேட் பண்ணாதீங்க. ரெண்டாவது படில சொன்ன அமைப்பு, நியூஸ்னா என்பிடிஎஸ்ஏ (NBDSA), சீரியல், ரியாலிட்டி ஷோன்னா பிசிசிசி (BCCC), உங்க சேனல் எதுல மெம்பர்னு பாத்துட்டு அனுப்புங்க. விளம்பரம்னா ஆஸ்கி (ASCI), அதாவது விளம்பரத் துறைக்காரங்களே வெச்சிருக்கற அமைப்பு.

மெயில் பழக்கமில்லாத பெரியவங்க திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனுவா குடுத்துப் பாக்கலாம், கேபிள் டிவிய கண்காணிக்க கலெக்டர் தலைமைல மாவட்ட அளவுல கமிட்டி போடணும்னு மத்திய அரசு உத்தரவே இருக்கு. மனுவுக்கு ரசீது கேட்டு வாங்கிக்கோங்க.