300 மீட்டர் என்று எழுதியிருந்தது: பழைய சீமாஸ்டர் வாங்கின அனுபவம்

போர்வெல்லில் சப்மெர்சிபிள் மோட்டார் இறக்குவதும், எரிந்துபோனதை மேலே ஏற்றி காயில் கட்டுவதும்தான் என் தொழில். மதுரை சிம்மக்கல் பக்கம் சின்னப் பட்டறை. அதனால் 300 மீட்டர் என்பது எனக்கு வெறும் நம்பர் இல்லை, 984 அடி. உசிலம்பட்டி பக்கத்துத் தோட்டங்களில் கிட்டத்தட்ட அந்த ஆழத்துக்குக் குழாய் இறக்கி, கை கடுத்து, ராத்திரி தூங்க முடியாமல் கிடந்திருக்கிறேன். அவ்வளவு ஆழத்துத் தண்ணீரைத் தாங்கும் என்று ஒரு கைக்கடிகாரத்தின் டயலில் எழுதியிருந்ததைப் பார்த்த நாளில் பிடித்த ஆசை இது. புதுசு ஐந்து லட்சத்தைத் தாண்டுகிறது, நமக்கு ஆகாது. சரி, பழசு பார்ப்போம் என்று இறங்கினேன்.

வாங்கியது ஒமேகா கம்பெனியின் சீமாஸ்டர் 300எம், மாடல் எண் 2531.80. 1993-இல் வந்த வரிசை. ஜேம்ஸ் பாண்டாக நடித்த பியர்ஸ் பிராஸ்னன் கட்டியதால் பாண்ட் சீமாஸ்டர் என்றே பேராகிவிட்டது. இங்கே ஒரு விஷயம்: 1995 படத்தில் அவர் கட்டியது பேட்டரி மாடல், 1997-இலிருந்துதான் இந்த ஆட்டோமேட்டிக், அதாவது பேட்டரி இல்லாமல் கை அசைவிலேயே ஓடுவது. விற்கிறவர்கள் இரண்டையும் ஒரே பேர் சொல்லி விற்கிறார்கள், ஆனால் விலை வேறு. விநாடி முள் நழுவினாற்போல ஓடினால் ஆட்டோமேட்டிக், விநாடிக்கு ஒரு தரம் குதித்தால் பேட்டரி.

டயல் முழுக்க அலை அலையாக வரி. வைகையில் வருஷத்தில் பாதி நாள் பார்க்கக் கிடைக்காத அலை. உள்ளே ஓடுவது 1120 என்ற மெஷின், மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது விநாடிக்கு எட்டு. காதில் வைத்தால் தையல் மிஷினை எங்கோ தூரத்தில் மிதிக்கிற மாதிரி கேட்கும்.

விற்றவர் சென்னையில் பழைய கடிகாரங்கள் வாங்கி விற்பவர், பேர் வேண்டாம். காலை வைகை எக்ஸ்பிரஸில் ஏறி மதியம் எழும்பூரில் இறங்கி நேரில் போய்ப் பார்த்தேன். பெட்டி இருந்தது, 2003 தேதி போட்ட வாரண்டி கார்டு இருந்தது, கார்டில் இருந்த சீரியல் நம்பரும் செயின் மாட்டும் காலின் அடியில் இருந்த நம்பரும் ஒன்றாக இருந்தன. பாலிஷ் அதிகம் போட்டிருக்கிறார்களா என்று அந்தக் கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்த மாடலில் அவை லேசாக முறுக்கினாற்போல வளைந்து இறங்கும், மினுங்கும் பக்கமும் மங்கலான பக்கமும் சந்திக்கிற இடத்தில் கோடு கூர்மையாக இருக்க வேண்டும். நிறையத் தேய்த்திருந்தால் அந்தக் கோடு சோப்புக்கட்டி ஓரம் மாதிரி மழுங்கிவிடும். இதில் கோடு இருந்தது. “போன வருஷம்தான் சர்வீஸ் பண்ணினது சார்” என்றார். பில் இருக்கா என்று கேட்டேன், தேடி அனுப்புகிறேன் என்றார். 1,85,000 ரூபாய் கொடுத்தேன். அந்த பில் இன்றுவரை வரவில்லை.

இதில் எனக்கு என்மேலேயே கோபம். கஸ்டமர் யாராவது “மோட்டார் நல்லாத்தான் இருக்கு, சீல் போன வருஷம் மாத்தினது” என்று சொன்னால் நான் நம்புவேனா? கழற்றிப் பார்க்காமல் கிணற்றில் இறக்க மாட்டேன். ரப்பர் ரப்பர்தான், ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷம் ஆக ஆகக் காய்ந்து இறுகிப்போகும். இருபது வருஷம் தாண்டின ஒரு பொருளில் டயலில் எழுதியிருக்கிற 300 மீட்டரைப் படித்துவிட்டு, உள்ளே இருக்கிற நாலு வாஷரைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்திக் கேட்காமல் காசைக் கொடுத்தது வேறு யாரும் இல்லை, வாஷர் மாற்றியே பிழைக்கிற நான்.

மதுரை வந்ததும் டவுன்ஹால் ரோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். எழுபதை நெருங்கும் பெரியவர், எச்எம்டி காலத்து ஆள். கண்ணில் லென்ஸை மாட்டி முதலில் பின்மூடியைத் திறந்தார், மெஷினில் 1120 என்று பொறித்திருந்ததைக் காட்டி “ஒரிஜினல்தான் தம்பி, பயப்படாதீங்க” என்றார். அப்புறம் மூடி, துடிப்பைக் கேட்டு நேரப் பிசகை அளக்கிற, மைக் வைத்த ஒரு சின்ன ஸ்டாண்டில் பொருத்தினார். டயல் மேலே பார்த்தபடி நாளுக்கு 5 விநாடி முன்னே, சாவி, அதாவது பக்கத்தில் இருக்கிற திருகு, கீழே பார்த்தபடி 9 விநாடி. ஸ்விஸ் குரோனோமீட்டர் சோதனை சராசரியில் மைனஸ் 4 முதல் பிளஸ் 6 வரை விடும், அந்த வயசுக்கு இது மோசமில்லை.

அதற்கு அடுத்து செய்ததைத்தான் நான் சென்னையிலேயே கேட்டிருக்க வேண்டும். கனமான கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் சிலிண்டர், பாதி தண்ணீர், பக்கத்தில் கையால் அடிக்கிற பம்ப். கடிகாரத்தைத் தண்ணீருக்கு மேலே காற்றில் தொங்கவிட்டு மூடி, 3 பார் (30 மீட்டர் ஆழத்து அழுத்தம்) வரை காற்றடித்துச் சில நிமிஷம் விட்டார். எங்காவது ஓட்டை இருந்தால் அந்தக் காற்று கடிகாரத்துக்குள் போய்விடும். பிறகு கடிகாரத்தைத் தண்ணீருக்குள் இறக்கி, அழுத்தத்தை மெதுவாகக் குறைத்தார். பஞ்சர் கடையில் டியூபை முக்கிப் பார்க்கிற அதே கணக்கு. நான் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தேன், அங்கே ஒன்றுமில்லை. பத்து மணி பக்கத்தில் ஊசி முனை அளவு ஒரு குமிழி கிளம்பியது, அதன் பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் கோர்த்த மாதிரி வரிசையாக. “பார்த்தீங்களா” என்று சொல்லிக்கொண்டே சட்டென்று கடிகாரத்தை மேலே தூக்கிவிட்டார். அழுத்தம் முழுக்க இறங்கும்வரை முக்கி வைத்திருந்தால் தண்ணீர் உள்ளே இழுத்திருக்கும்.

பத்து மணி பக்கத்தில் இருப்பது ஹீலியம் வால்வு. நாள்கணக்கில் அழுத்த அறைக்குள்ளேயே தங்கி ஆழ்கடலில் வேலை செய்கிறவர்கள் ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிப்பார்கள். அந்த வாயு அவ்வளவு பொடி, வாஷர்களையும் தாண்டிக் கடிகாரத்துக்குள் புகுந்துவிடும். மேலே வரும்போது வெளி அழுத்தம் குறைய, உள்ளே மாட்டின வாயு கிளாஸைத் தள்ளிக் கழற்றிவிடாமல் இருக்கத்தான் இந்த வால்வு. மதுரையில் இதை யாருக்காகத் திறப்பது? என் கணக்கில் அது தேவையில்லாத இன்னொரு ஓட்டை, அதற்கு இன்னொரு வாஷர். கடைசியில் அதுதான் என்னைக் கவிழ்த்தது.

விற்றவருக்குப் போன் போட்டேன். “சார், இதையெல்லாம் யாரு சார் நிஜமா தண்ணியில கட்டுவாங்க?” என்றார். அதற்குமேல் என்ன பேசுவது, வைத்துவிட்டேன்.

வால்வு சாமான் வரவழைக்க ஏழு வாரம் ஆனது. வாஷர் அத்தனையும் மாற்றி, மெஷினைப் பிரித்துக் கழுவி எண்ணெய் விட்டு மொத்தம் 16,500 ரூபாய். முடிந்ததும் அதே சிலிண்டரில் 6 பார் ஏற்றிக் காட்டினார், ஒரு குமிழி இல்லை. அவரிடம் இருப்பது அதோடு சரி, 60 மீட்டருக்குச் சமம், 300 அல்ல. எனக்குப் போதும். மேலூர் பக்கம் மச்சான் தோட்டத்துக் கிணறு ஐம்பது அடிகூட இருக்காது.

கடிகாரத்தைப் பற்றி இனிச் சொல்லலாம். 41 மில்லிமீட்டர், ஆனால் தட்டையாகப் படுக்கிறது, சட்டைக் கை மேலே ஏறாது. செயின் அருமை, இணைப்பெல்லாம் துணி மாதிரி மடிகிறது. மே மாசம் மதுரை வெயிலில் கை ஊதும்போது மட்டும் பிடிக்கிறது, அந்த நேரத்தில் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வழியில்லை. கரண்ட் போனால் முள் பச்சையாக நன்றாகத் தெரிகிறது.

டயலைச் சுற்றி, தண்ணீருக்குள் போன நேரத்தைக் குறித்து வைக்கச் சுழற்றுகிற வளையம்தான் குறை. சுற்றிலும் பூ மாதிரி அலையலையாக வெட்டி அழகாக வைத்திருக்கிறார்கள், பிடிக்க ஒன்றுமில்லை. ஈரக் கையில் வழுக்கும், என் கிரீஸ் கையில் சொல்லவே வேண்டாம். முக்குளிக்கிறவனுக்கென்று செய்த பொருளில் இது பெரிய தப்பு. ஆனால் வேலைக்கு உதவுவதும் அந்த வளையம்தான். இடது பக்கமாக மட்டும்தான் சுழலும், எங்காவது இடித்துத் திரும்பினாலும் மிச்ச நேரத்தைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. தண்ணீருக்குள் இருக்கிறவன் முன்னாடியே மேலே வந்துவிடுவான், பிந்த மாட்டான். நான் அதை வைத்துப் பார்ப்பது வேறு: மோட்டார் காற்று வாங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு வளையத்தில் இருக்கிற முக்கோணக் குறியை நிமிஷ முள்ளுக்கு நேரே வைத்துவிடுவேன், போரில் தண்ணீர் ஊறித் திரும்ப எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்க்க. பட்டறைப் பையன் ரெண்டு நாள் பார்த்துவிட்டு, “அண்ணே, ஃபாஸ்ட்ராக்கா? நல்லாருக்கே” என்றான். ஆமாடா என்றேன்.

போன ஞாயிறு மேலூர்க் கிணற்றில் மேட்டிலிருந்து கடிகாரத்தோடு குதித்தேன். மேலே ஏறினதும் பெரியவர் சொல்லிக்கொடுத்தபடி வெயிலில் கல் மேல் சூடாகும்வரை வைத்து, கிளாஸ் மேல் ஒரு சொட்டு குளிர்ந்த தண்ணீர் விட்டுத் துடைத்துப் பார்த்தேன். உள்ளே ஈரம் இருந்தால் அந்த இடத்தில் மூட்டம் கட்டி நிற்கும். கட்டவில்லை. அடுத்த வருஷம் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டிய தேதியைப் பட்டறைக் காலண்டரின் கடைசித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.